மச்சானுக்கு எந்த சீட்

விளாங்குடி டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கல்யாண மாப்பிள்ளை, மடியில் பத்திரிகைக் கட்டோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கூட வந்திருந்தவரிடம் போனைக் காட்டினான்.

"அண்ணே, மாப்பிள்ளை அழைப்புக்கு ரெண்டு ஸ்போர்ட்ஸ் கார் வாடகைக்கு வருது. செகப்பு நாலு கோடி ரூவா காரு, மூணு செகண்டுல நூறு கிலோமீட்டர் வேகம் தொட்ருமாம். மஞ்சள் ரெண்டு கோடிதான், நாலு செகண்டு ஆகுமாம். எதைச் சொல்லட்டும்?"

"நாதஸ்வரத்துக்குப் பின்னாடி ஊர்ந்து போறதுக்கு எத்தனை செகண்டா இருந்தா என்ன தம்பி? எத்தனை பேரு உக்காரலாம்?"

"ரெண்டுலயும் ரெண்டு பேருண்ணே."

"டிரைவர் போகவா?"

"டிரைவரோட சேத்து."

"அப்ப ஒம் மச்சான் எங்கடா உக்காருவான்? பத்திரிகையில பேரு விட்டுப்போச்சுன்னு, சொந்த அக்கா கல்யாணத்துக்கே வர மாட்டேன்னு நின்னவன். கார்ல எம் பக்கத்துல நீதான்னு சொல்லித்தானே சமாதானம் பண்ணுன?"

"நானே ஓட்டிர்றேன்."

"கழுத்துல மாலையோடயா? வாடகைக்காரன் சாவியத் தருவானா? இப்பவே மச்சானுக்குப் போனப் போட்டு விஷயத்தச் சொல்லிரு."

போன் போட்டான். நான் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்தது. இறங்க மனசு வரவில்லை.

"மச்சான்... இல்ல, ஒண்ணுமில்ல. செகப்பு, மஞ்சள், ஒனக்கு எது பிடிக்கும்?"

போனை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினான்.

"செகப்பாம்ணே. அதுக்குத் தோதா சட்டை எடுக்கக் கெளம்பிட்டான்."