மஞ்சள் அட்டை

துணி மடிப்பதில் நான் கொஞ்சம் கறார். ஓரத்தோடு ஓரம் சேராவிட்டால் பிரித்து மறுபடி மடிப்பேன். "போர்வை என்ன ஆபீசுக்கா போகப்போகுது, அக்கா?" என்று தங்கை சிரிப்பாள். மஞ்சள் அட்டை விரிப்புகளுக்கு நடுவே எப்படி வந்தது என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். நான்தான் வைத்தேன்.

மார்பில் வந்த புற்றுநோய் தங்கையின் முதுகெலும்புக்கு இறங்கியிருந்தது. அட்டையை என்னிடம் கொடுத்துத்தான் ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள்: "கால் தடுமாறினா, மரத்துப்போனா, உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்துடாதீங்க. தண்டுவடம் நசுங்கிட்டா அப்புறம் நடக்க வைக்கிறது கஷ்டம்." எனக்கு நன்றாகவே புரிந்தது.

அம்மா போனபின் அவளை வளர்த்தது நான். எனக்கென்று வேறு யாரும் இல்லை. உடம்பு கொஞ்சம் தேறியதும், தான் வேலை செய்யும் நூலகத்துக்குப் பக்கத்தில் தனி அறை பார்த்துவிட்டாள். "இருக்கிற வரைக்கும் என் இஷ்டத்துக்கு இருந்து பாக்குறேன்க்கா," என்றாள். திங்கட்கிழமை போவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலை கூடத்தில் அவள் செருப்புச் சத்தம் மாறியது. ஒரு தட்டல், ஒரு இழுப்பு.

"இடது கால் என்னோடது மாதிரியே இல்லக்கா. அந்த அட்டை எங்க? போன் பண்ணிடலாம்."

"மாத்திரை பண்ற வேலைடி. பெட்டியெல்லாம் தூக்கினல்ல? படு, சரியாயிடும்."

என் பேச்சை அவள் தட்டியதில்லை. சனிக்கிழமை சுவரைப் பிடித்து நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்கவே முடியவில்லை. திங்கட்கிழமை நானே ஆம்புலன்ஸை அழைத்தேன். "வெள்ளிக்கிழமையே வந்திருந்தா நடக்க வெச்சிருக்கலாம்," என்றார் டாக்டர். தலையாட்டினேன்.

பிறகு நான்கு மாதம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தேன். ஒரு படுக்கைப்புண்கூட வந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வாரம் நான் கடைக்குப் போயிருந்தபோது, வீட்டுக்கு வரும் நர்ஸ் விரிப்பை உதற, அட்டை தங்கையின் மடியில் விழுந்திருக்கிறது. அவளை எங்கேயோ கொண்டுபோய்விட்டீர்கள். ஆனாலும் கூடத்தில் நடக்கிறாள். ஒரு தட்டல், ஒரு இழுப்பு. செருப்பைக் குப்பையில் போட்டேன், சத்தம் நிற்கவில்லை. அந்த வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

புகார் கொடுத்தது அவள்தான் என்கிறீர்கள். ஏதோ கோபத்தில் சொல்லியிருப்பாள். ஆமாம், எல்லாம் தெரிந்துதான் அந்த மூன்று நாளும் அவளைப் படுக்கவைத்திருந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். புது விரிப்பு போட்டு வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அவளை எப்போது கூட்டிக்கொண்டு போகலாம்?