விரலில் எலுமிச்சம்பழம்

வலங்கைமானிலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் ஓர் அண்ணியும் நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணியின் ஆள்காட்டி விரலில் ஓர் எலுமிச்சம்பழம் செருகியிருந்தது.

"பழுத்துடுச்சு" என்றார் அண்ணி.

"பழமா?"

"விரலு. நாலு நாளா நடவு. கை சேத்துலயே கெடந்துச்சு. நகத்த சுத்தி வீங்கி விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"நகச்சுத்துக்கு எதுக்கு டாக்டரு? ரெண்டு பழம் மாத்திட்டேன்."

"சீழ் வச்சிட்டா பழத்துக்குக் கேக்காது அண்ணி. கீறித்தான் எடுக்கணும். ஒங்களுக்கு சுகர் வேற."

"கீறுனா வலிக்கும்."

"மரத்துப்போக ஊசி போடுவாங்க."

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாத்தனார் தன் இடது கையை அவர் மடியில் வைத்தார். நடுவிரலில் நுனி இல்லை.

"நானும் பழந்தான் மாத்திக்கிட்டு இருந்தேன். எலும்பு வரைக்கும் போயிருச்சு."

"அருவா வெட்டுன்னுல்ல சொன்ன?"

"நகச்சுத்துன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அண்ணி கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நின்றார்.

"கண்டக்டர் தம்பி, ஆஸ்பத்திரி ஸ்டாப்புல நிப்பாட்டுங்க."

"பஸ் ஸ்டாண்டுக்குல்ல டிக்கெட் எடுத்தீங்க?"

"நிப்பாட்டுங்க."