பப்பாசிப் பாலும் ஜனாப் பளீலின் பெயரும்

சபைத் தலைவர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! கண்டி நகரத்துப் பெருமக்களே! திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மாரே!

துக்கத்தோடு வந்தவர்களுக்கு என் வணக்கம். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் என் வணக்கம். இங்கே இரு சாராரும் இருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். மலேரியா நம் ஜனாப் பளீலைக் கொண்டுபோய் நாற்பது நாளாகிறது. "பளீல் கண்டது வெறும் சீனிக்கட்டி" என்று வாய்விட்டுச் சிரித்தவர்கள் இன்று முன்வரிசைக் கதிரைகளில் கைக்குட்டையோடு அமர்ந்திருக்கிறார்களே, எதற்காக?

யார் இந்தப் பளீல்? திகனயில் தம் தோட்டத்துப் பப்பாசிக் காய்களைக் கீறி, வடிந்த பாலிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து, அதைப் படிகமாக்கிக் காட்டிய மனிதர்! ஏழு ஆண்டுகள் அவருடன் வேலை செய்த முத்துலிங்கம் சொல்கிறேன். அந்தப் படிகங்களை என் கண்ணால் கண்டேன். ஊசிமுனையளவுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கூரான விளிம்பு இருந்தது.

புரதத்தின் உள்ளமைப்பைப் படம்பிடிக்கும் எக்ஸ் கதிர்க் கருவி கண்டியில் ஏது? ஒல்லாந்தில் ஒரு பேராசிரியரிடம் இருந்தது. பளீல் அவருக்கு எழுதினார். பதில் வந்தது: "படிகங்களை உலர விடாதீர்கள். அவை விளைந்த நீரோடேயே அனுப்புங்கள். உலர்ந்தால் உள்ளே ஒழுங்கு குலைந்துவிடும்."

எனக்கு உடனே சந்தேகம்! அந்த நீரில்தானே நம் செய்முறை முழுவதும் இருக்கிறது? அதைச் சோதித்தால், என்ன சேர்த்தோம், எவ்வளவு சேர்த்தோம் என்று கண்டுபிடித்துவிட மாட்டார்களா? இந்த மலைநாட்டில் விளைந்த எதைத்தான் வெள்ளைக்காரர் தங்கள் பெயரில் எழுதிக்கொள்ளாமல் விட்டார்கள்? பளீலிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"முத்துலிங்கம், நீங்க மழையையும் சந்தேகப்படுற ஆள். அவங்க படம் எடுக்காட்டி, நம்மட படிகத்துக்குள்ள என்ன இருக்குதென்டு நமக்கே தெரியாது. ரெண்டு பக்கமும் கை குடுத்தாத்தான் இந்த வேல நடக்கும்."

ஆறு கண்ணாடிக் குழாய்களை நீரோடு அடைத்துப் பெட்டியில் வைத்து, கொழும்புத் துறைமுகத்தில் சேர்க்கும்படி என்னிடமே தந்தார். வேறு யாரிடமும் தர அவருக்கு மனமில்லை.

கடுகண்ணாவை மலைப்பாதையில் ரயில் ஊர்ந்தபோது நான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். ஆம், பெருமக்களே! ஆறு குழாய்களின் தக்கையையும் கழற்றி, நீரை ஜன்னலுக்கு வெளியே வடித்தேன். படிகங்களை ஒற்றுத்தாளில் உலர்த்தி, மீண்டும் அடைத்து வைத்தேன். திருடர்களிடமிருந்து ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டதாக மார்தட்டிக்கொண்டேன்.

மூன்று மாதத்தில் படம் வந்தது. அதில் ஒரு மங்கலைத் தவிர ஒன்றுமில்லை. "நீங்கள் அனுப்பியதில் ஒழுங்கான படிகம் இல்லை" என்று எழுதியிருந்தார்கள். பளீல் ஒல்லாந்துக்காரரைச் சந்தேகிக்கவில்லை. என்னையும் சந்தேகிக்கவில்லை! தம் கையைத்தான் சந்தேகித்தார்.

அவர் மனைவி றம்லத் அம்மையார் நேற்று என்னிடம் சொன்னார்: "காய்ச்சல்லயும் 'நான் எங்க பிழ விட்டன்' என்டுதான் கேட்டுக்கிட்டே இருந்தார்."

அம்மா! அவர் பிழை விடவில்லை. பிழை செய்தவன் இதோ நிற்கிறேன். அவர் கேட்டபோதெல்லாம் பக்கத்தில் நின்றும் வாய் திறக்காத கோழை நான். நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று கேட்கவும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒல்லாந்திலிருந்து அனுதாபத் தந்தி வந்திருக்கிறது. மீதிப் படிகங்கள் இருந்தால் மீண்டும் முயல்வார்களாம். முடிவை ஜனாப் பளீலின் பெயரிலேயே வெளியிடுவார்களாம். இதில் என்ன சூழ்ச்சியோ என்று அதையும் மூன்று முறை படித்தேன். என் குணம் அப்படி!

மீதி இருக்கிறது. அவர் அலுமாரியில் வைத்திருந்த படிகங்களை அவற்றின் நீரோடு இந்தக் குழாய்களில் அடைத்திருக்கிறேன். நான் செய்ததை ஒப்புக்கொண்ட கடிதமும் கூடவே இருக்கிறது. பளீலின் பணியைத் தொடர்வேன் என்று உங்கள் முன்னிலையில் வாக்களிக்கிறேன்.

தலைவர் அவர்களே, பெட்டியைப் பெற்றுக்கொள்ளுங்கள். யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்து அனுப்புங்கள். அந்த முன்வரிசைக்காரர்களிடம்கூடக் கொடுங்கள். என்னிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.