கழுத்தைத் தொடும் முன் சட்டைப் பொத்தானைப் பார்த்தவருக்கு

குனிந்து வந்தோரைக் குறைசொல்லாது நிமிர்த்திய குணக்குன்றே! வலியோடு வந்தோரை வழிகாட்டி அனுப்பிய வண்மையே! முதுகெலும்பையும் கழுத்தையும் கையாலேயே சீர்செய்யும் இந்தக் கைரோபிராக்டிக் நிலையத்தை முப்பத்தொரு ஆண்டுகளாகத் தாங்கி நின்ற எங்கள் டாக்டரம்மாவே! வணக்கம்.

மடலை வாசிக்கும் என் குரல் நடுங்கினால், பிரிவுத்துயர் என்று அவையோர் பெருந்தன்மையோடு எடுத்துக்கொள்வீர்கள். உண்மை வேறு. எங்களுக்குப் பயமாக இருக்கிறது. அதிலும், தங்களுக்கு அடுத்த சிகிச்சை மேசையில் ஒன்பது ஆண்டுகள் நின்றுவிட்டு, தாங்கள் ஓய்வுபெற்றபின் திங்கள் முதல் தனியே நிற்கப்போகிற எனக்கு இன்னும் அதிகம்.

தங்கள் கண்டிப்புக்கு அஞ்சாதவர் இங்கு யார்? தோளுக்கும் காதுக்கும் நடுவே தொலைபேசியை இடுக்கிப் பேசும் வரவேற்பு அக்கா, தங்கள் காலடிச் சத்தம் கேட்டாலே அதைக் கைக்கு மாற்றிவிடுவார். "ஓணான் மாதிரி கழுத்தை நீட்டாதம்மா, திரையைக் கண்ணுக்கு நேரா தூக்கி வை" என்று அவருக்குத் தாங்கள் சொல்லாத நாளில்லை. இடுப்பிலிருந்து கால்வரை சுண்டி இழுக்கும் நரம்பு வலியோடு வந்தவரிடமும் தாங்கள் இனிக்க இனிக்கப் பேசியதில்லை. "ஒரே தடவையில சரியாகும்னு சொல்ல மாட்டேன். வீட்ல நீங்க தினமும் செய்யற பயிற்சிதான் பாதி வைத்தியம்" என்பீர்கள். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. பலர் திரும்பி வந்தார்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்த அந்தப் பேருந்து ஓட்டுநரை இந்த அவையில் சொல்லாமல் விட்டால் என் நெஞ்சு பொறுக்காது. கழுத்து வலி, இரு கையிலும் மரமரப்பு. "தம்பி, ஒரு சொடக்கு எடுத்து விடுங்க, வண்டிக்கு நேரமாச்சு" என்றார். நானும் அவசரக் குடுக்கையாய் அவரை மேசையில் படுக்கவைத்து, தாடையின் கீழ் கையைக் கொடுத்துவிட்டேன். எவரையும் முதலில் நடக்கவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றிப் போடச் சொல்லிப் பார்ப்பது தங்கள் வழக்கம். அன்று நான் இரண்டையும் செய்யவில்லை. வாசலில் நின்று தாங்கள் சொன்னது இரண்டே சொல். "கையை எடு."

எடுத்தேன். அவரை உட்காரவைத்துப் பொத்தானைப் போடச் சொன்னீர்கள். விரல்கள் துணியில் தடவித் தடவி அலைந்தன. ஒரு பொத்தான்கூட துளைக்குள் போகவில்லை. "ரெண்டு மாசமா வீட்டுக்காரிதான் போட்டு விடறா, வயசாகுதுல்ல" என்று சிரித்தார். தங்கள் முகத்தில் சிரிப்பில்லை. அன்றே ஸ்கேனுக்கு அனுப்பினீர்கள். கழுத்தில் தண்டுவடம் நசுங்கியிருந்தது; விரல்கள் தடுமாறியது அதனால்தான். நான் கழுத்தைத் திருப்பியிருந்தால் அவர் அந்த மேசையிலிருந்து எழுந்து நடந்திருப்பாரா என்பதே சந்தேகம் என்றார் அறுவை மருத்துவர். இன்று அவர் பொத்தானைத் தாமே போட்டுக்கொள்கிறார். நான்தான் கண்டுபிடித்தேன் என்று நினைத்து அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கை, அன்று முதல் எந்தக் கழுத்தைத் தொட்டாலும் சில்லிட்டுப் போகிறது.

தங்கள் பொறுமையைப் போற்றுகிறோம், புலமையைப் புகழ்கிறோம். ஆனால் திங்கட்கிழமை நான் அவசரப்பட்டால், வாசலில் நின்று கையை எடு என்று சொல்ல யார் இருப்பார்கள்?

நேற்றுப் பதிவேட்டைத் திறந்தேன். திங்கள் காலை ஒன்பது மணி, முதல் நோயாளியின் இடத்தில் தங்கள் பெயர், தங்கள் கையெழுத்திலேயே. குறை: கழுத்து வலி. பார்ப்பவர்: நான். ஓடி வந்து, "வேற யாருகிட்டயாவது காட்டிக்கோங்க டாக்டரம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்றேன். தாங்கள் மேசையைத் துடைத்தபடியே சொன்னீர்கள்: "பயப்படாதவன் கையில என் கழுத்தைக் கொடுக்க மாட்டேன்ப்பா."

தாயே! நோயும் நொடியும் அண்டாமல், நிமிர்ந்த நடையும் நிறைந்த மனமுமாய், தாங்கள் நூறாண்டு வாழ்க! திங்கள் காலை ஒன்பதரைக்கும் நலமாய் வாழ்க!

அன்பும் அச்சமும் குறையாத,
நிலையத்தின் வரவேற்பு, பயிற்சி அறை, சிகிச்சை அறைப் பணியாளர்கள்