ஞாயிற்றுக்கிழமை போன்

சிறுமலை வாழைப்பழம் தோல் கறுத்துச் சுருங்கிய பிறகுதான் இனிக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. அதை எனக்குச் சொன்னவள் அந்த மலையிலேயே குடியிருக்கும் மாயம்மாள். சின்னாளப்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் விடுதியில் மகள் தமிழ்நிலாவைச் சேர்த்த அன்று, ஒரு சீப்பு கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். "ஒங்கள நம்பித்தான் பிள்ளைய விட்டுட்டுப் போறேன் டீச்சர். நல்லா மெரட்டிப் படிக்க வைங்க" என்றாள். மிரட்டுவது என் சுபாவமில்லை. நான் அரவணைத்துப் போகிற வார்டன்.

எங்கள் விடுதியில் பிள்ளைகள் கையில் போன் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் என் அறை வாசலில் வரிசையாக நிற்பார்கள். என் செல்லில்தான் வீட்டுக்குப் பேசவேண்டும். பேசிவிட்டு அழுவார்கள், திங்கட்கிழமை டெஸ்டில் மார்க் இறங்கும். தமிழ்நிலாதான் ரொம்ப அழுவாள். கெட்டிக்காரப் பிள்ளை, பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே பெயர் வாங்கித் தரக்கூடியவள். அதனால் அவளுக்கு மட்டும் ஓர் ஏற்பாடு செய்தேன். "மலையில டவர் கிடைக்கலையாம். நேத்தே அம்மா டவுனுக்கு வந்து எங்கிட்டப் பேசிட்டாங்க" என்று அவளிடம் சொல்வேன். மாயம்மாள் கூப்பிட்டால், "பிள்ளை படிச்சுக்கிட்டு இருக்கா, தொந்தரவு பண்ண வேணாம்" என்பேன். அம்மா சொன்னதாக நானே நாலு நல்ல வார்த்தை சேர்த்துக்கொள்வேன். மார்க் ஏறியது. தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். பெருமையாகத்தான் இருந்தது.

பொதுத்தேர்வு நெருங்கும்போது வயிறு வலிக்கிறது என்றாள். விடுதிப் பிள்ளைகளின் வயிற்றுவலி எனக்குப் பழக்கம். பாதிக்கு மேல் அது வீட்டு ஏக்கம்தான். ஓமத் தண்ணீர் கொடுத்தேன். மறுநாளும் சுருண்டு கிடந்தாள்.

"அம்மாகிட்டச் சொல்லுங்க மிஸ். அம்மா வந்தா சரியாயிரும்."

போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால் சிறுமலை தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரையும் கூப்பிடவில்லை. உள்ளே வந்து, "அம்மாகிட்டச் சொல்லிட்டேன். அவ எப்பவும் இப்படித்தான் நடிப்பா, பல்லக் கடிச்சுக்கிட்டுப் படிக்கச் சொல்லுங்கன்னாங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் வலி என்று வாயே திறக்கவில்லை. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

குடல்வால் வெடித்துவிட்டதாக டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரத் தாமதமாகிவிட்டது என்று உங்கள் ஏட்டு எழுதிக்கொண்டார். தாமதம் என்று எழுதியது தப்பு, ஐயா. பெற்றவள் பெயரைச் சொல்லி அந்தப் பிள்ளையின் வாயை அடைத்தேன். நான்தான் கொன்றேன்.

ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அழுகல மிஸ். அம்மாகிட்டச் சொல்லிருங்க" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

பிணவறை வாசலில் மாயம்மாள் என் காலைக் கட்டிக்கொண்டாள். "எம்பிள்ள கடைசியா எதுவும் சொன்னாளா டீச்சர்?"

"இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டா, வலியே தெரியல" என்றேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மாயம்மாளுக்கு மட்டும் இதை வாசித்துக் காட்ட வேண்டாம். அவள் தாங்கமாட்டாள். அவளுடைய நல்லதுக்குத்தான் சொல்கிறேன், ஐயா.