விரிப்பில் எழுதிய ஊர்

வாக்குமூலம் கொடுப்பவர்: சலவை நிலையத் தொழிலாளி. பணிப் பதிவேட்டில் உள்ள பெயர் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது. வேலை செய்யும் இடத்தில் மடிப்பக்கா என்று அழைக்கப்படுகிறார். வயது 44. கணவர் பேருந்து ஓட்டுநர். குடியிருப்பு: சலவை நிலையத்துக்குப் பின்தெரு, மூன்றாம் மாடி, கடைசி வீடு. செவ்வாய்க்கிழமை முற்பகல் 11.20 மணிக்குத் தானாகக் காவல் நிலையம் வந்து, உதவி ஆய்வாளர் முன்பு சொன்னது.

நான் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன். ஆறாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். கடந்த பதினாறு ஆண்டுகளாகச் சலவை நிலையத்தின் மடிப்பு அறையில் வேலை பார்த்து வருகிறேன். மருத்துவமனை விரிப்புகளும் தலையணை உறைகளும் துவைத்து, உலர்த்தி, தேய்த்து எங்கள் அறைக்கு வரும். அவற்றை மடித்து அடுக்கி, வார்டு வாரியாகக் கட்டி அனுப்புவது எங்கள் வேலை. அறையில் என்னோடு சேர்த்துப் பதினோரு பெண்கள் இருக்கிறோம்.

இன்று காலை 8.40 மணிக்கு இந்த நிலையத்திலிருந்து ஜீப்பில் வந்து போலீசார் அழைத்துப்போன பெண், எங்கள் அறையில் ஓராண்டாக வேலை பார்க்கிறார். அதற்கு முன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் இருந்தார். அச்சகத்தை மூடிவிட்டதால் எங்களிடம் வந்தார். வந்த முதல் நாளே, சுவரில் ஒட்டியிருந்த மேற்பார்வையாளரின் அறிவிப்பில் ஐந்து பிழைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்தினார். அன்றிலிருந்து அவரைப் பிழை என்றுதான் கூப்பிடுகிறோம். அவரும் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பார்.

அதன் பிறகு, நான்கு மாதத்துக்கு முன்பு, பகல் சாப்பாட்டுக்குப் பின் கிடைக்கும் அரை மணி நேரத்தில் பிழை எங்களுக்குப் புத்தகம் வாசிக்கத் தொடங்கினார். பழைய தாள் கடையில் எடை போட வைத்திருந்த பழைய நாவல்கள். இல்லாத ஊர்களைப் பற்றியவை. முதல் நாவலில் கப்பல் உடைந்து ஒரு தையற்காரன் ஒரு தீவில் ஒதுங்குகிறான். அங்கே கதவுகளுக்குப் பூட்டு கிடையாது, எல்லோருக்கும் அரை நாள்தான் வேலை, நீதிபதி வாராவாரம் மாறுவார். அதைக் கேட்ட வாரம் முழுக்க எங்கள் அறையில் அந்த ஊருக்குக் குடிபோவது பற்றித்தான் பேச்சு. யார் யார் பக்கத்து வீடு என்பது வரை முடிவாகிவிட்டது. இரண்டாவது நாவலில் சாப்பிட ஒரு மணி, தூங்க ஒரு மணி, சிரிக்க ஒரு மணி அடிக்கிறார்கள். மணி அடித்ததும் சிரிக்காதவர்களின் முகத்தை அளந்து பார்க்க ஓர் அலுவலகமே இருக்கிறது. அதைக் கேட்ட வாரம் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

எங்களில் மூத்தவர் கறையம்மா. வயது 58. விரிப்பில் மஞ்சள் மருந்து, மை, இரத்தம் எது பட்டிருந்தாலும் அது என்ன கறை என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். எதிலும் முதலில் குறைதான் அவர் கண்ணில் படும். இரண்டாவது நாவல் முடிந்த அன்று அவர் கையிலிருந்த உறையைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டும் ஒரே ஊருதான்டி. மொத புஸ்தகம் அந்த ஊரைக் கட்டினவங்க எழுதினது. அடுத்தது அவங்க பேரப்பிள்ளைங்க எழுதினது" என்றார். பிழை புத்தகத்தை மூடிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அச்சகத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்தும் இப்படி ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை கொதிகலன் பழுதாகி, மதியம் முழுவதும் வேலை இல்லாமல் இருந்தது. அப்போது நாங்களே ஓர் ஊரைக் கட்டலாம் என்று பேச்சு வந்தது. ஆளுக்கொரு சட்டம் சொல்ல வேண்டும், அது எப்படிக் கெட்டுப்போகும் என்று கறையம்மா சொல்ல வேண்டும், அதையும் தாண்டி நிற்கிற சட்டத்தை மட்டும் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. கிழிந்து போய்க் கழித்து வைத்த விரிப்பு ஒன்றை எடுத்தோம். வார்டு எண் போடுகிற, தண்ணீரில் அழியாத பேனாவை எடுத்தோம். பிழையை எழுதச் சொன்னதற்கு அவர் மறுத்துவிட்டார். "ஊரு உங்களுது, எழுத்து மட்டும் என்னோடதா இருந்தா நல்லாவா இருக்கும்? நீங்க எழுதுங்கக்கா" என்று பேனாவை என் கையில் கொடுத்தார். எனவே அந்த விரிப்பில் இருக்கும் முதல் எட்டுச் சட்டங்களும் என் கையால் எழுதப்பட்டவை. பிழை ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை.

எல்லோருக்கும் ஒரே மாதிரி வீடு என்று ஒருத்தி சொன்ன சட்டம், எல்லா வீட்டுக்கும் ஒரே சாவிதான் என்று கறையம்மா சொன்னதும் விழுந்துவிட்டது. யாரும் பொய் சொல்லக் கூடாது என்பதும் விழுந்தது. தன் மருமகள் வைக்கிற குழம்பைப் பற்றி உண்மை பேச வேண்டிவந்தால் ஊர் இரண்டு நாள் தாங்காது என்றார். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் மேற்பார்வையாளர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நின்ற சட்டங்களில் ஒன்று, காரணம் சொல்லாமல் யாரையும் காக்க வைக்கக் கூடாது என்பது. இன்னொன்று, மகிழ்ச்சியாக இருக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது. ஐந்தாவது நான் சொன்னது: படுத்திருப்பவர் கண்ணுக்கு வானம் தெரிய வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்பு எனக்கு முதுகில் அறுவை நடந்தது. ஆறு வாரம் கூரையில் ஓடும் ஒரு குழாயைப் பார்த்துக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தேன். அந்தக் குழாயைப் பிடித்துப் பதினான்கு ஆணிகள் இருந்தன. கறையம்மா இந்தச் சட்டத்துக்கு மட்டும் குறை சொல்லவில்லை. எழுதிக்கோ என்றார். கடைசிச் சட்டம் அவருடையது. மேலே உள்ள எதையும் யாரும் வேண்டாம் என்று சொல்லலாம், சொன்னவரை யாரும் முறைக்கக் கூடாது.

அதன் பிறகு அந்த விரிப்பை, எழுத்து உள்ளே போகும்படி நானே மடித்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். கழித்த விரிப்புதானே என்று கசக்கிப் போட்டிருக்கலாம். பழக்கத்தில் நான்கு மூலையும் சேர மடித்துவிட்டேன். அது என் தவறு.

சென்ற வெள்ளிக்கிழமை பல் பிடுங்குவதற்காக நான் விடுப்பில் இருந்தேன். அன்று மருத்துவமனையிலிருந்து அவசரமாக விரிப்பு கேட்டதால், மேற்பார்வையாளர் தானே அலமாரியிலிருந்து எடுத்துக் கட்டி அனுப்பியிருக்கிறார். சனிக்கிழமை நான் வந்து பார்த்தபோது மேல்தட்டு காலியாக இருந்தது. அனுப்பு ரசீதைப் பார்த்ததில், கட்டு எலும்பு முறிவு வார்டுக்குப் போயிருப்பது தெரிந்தது. யாருக்கும் தெரியாமல் வாங்கி வந்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை மாலை, பார்வையாளர் நேரத்தில், வீங்கிய கன்னத்தோடு அங்கே போனேன்.

அந்த வார்டில் பன்னிரண்டு கட்டில்கள் உண்டு. தலைமாட்டில் சன்னல், கால்மாட்டில் வெற்றுச் சுவர் என்றுதான் எப்போதும் போட்டிருப்பார்கள். நான் போனபோது ஒன்பது கட்டில்கள் திரும்பியிருந்தன. பத்தாவது கட்டிலை நோயாளிகளைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் நான்கு பேர் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். ஏழாவது கட்டிலில் ஒரு காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்த ஒருவர், படுத்தபடியே இரண்டு கையாலும் சைகை காட்டி, இடது பக்கம், மெதுவா, நிறுத்து என்று அவர்களை நடத்திக்கொண்டிருந்தார். அவர் கட்டட வேலையில் கிரேன் ஓட்டுபவர் என்று பிறகு தெரிந்தது. எங்கள் விரிப்பு அவர் கட்டிலுக்குத்தான் போயிருந்தது. எழுத்தைப் பார்த்ததும் அவர் அதில் படுக்க மறுத்து, சுவரில் மாட்டச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு கட்டிலையும் திருப்பும் முன், அதில் இருப்பவரிடம் சம்மதம் கேட்டார். பன்னிரண்டாம் கட்டில்காரர் தனக்குச் சுவரே போதும் என்றார். யாரும் அவரை முறைக்கவில்லை. நான் பார்த்தேன்.

அதன் பிறகு கிரேன்காரர் என்னைப் பார்த்து, "நீங்க யாரைப் பார்க்க வந்தீங்கம்மா?" என்று கேட்டார். விரிப்பைப் பார்க்க வந்தேன் என்று வாயில் வந்துவிட்டது. அவர் சைகை காட்டுவதை நிறுத்திவிட்டார். எழுதினது நீங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "ரெண்டு மாசமா இந்தச் செவுத்துல ஒரு ஈரக்கறை கண்ணு முன்னால நிக்குது. இப்ப பாருங்க, அந்த மேகம் போற வேகத்துக்கு, அங்க மேல யாரும் கிரேன்ல சாமான் தூக்க மாட்டாங்க" என்று சன்னலைக் காட்டினார். திரும்பிய கட்டில்களில் இருந்த எல்லோரும் அந்த மேகத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். விரிப்பைத் திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. கேட்காமலே வந்துவிட்டேன்.

நான் எழுதிய எட்டுச் சட்டங்களுக்குக் கீழே அப்போது மேலும் நான்கு சட்டங்கள் இருந்தன. மருத்துவர் நின்றுகொண்டே பேசாமல் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது கிரேன்காரர் எழுதியது. சிஸ்டருக்கும் உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்பது யார் எழுதியது என்று எனக்குத் தெரியாது. வார்டு சிஸ்டர் அதைப் படிக்கும்போது அவர் பையில் பேனா மூடியில்லாமல் இருந்தது.

நேற்று திங்கட்கிழமை மருத்துவமனை நிர்வாக அதிகாரி வார்டைப் பார்த்துவிட்டு, மருத்துவமனைச் சொத்தைச் சேதப்படுத்தி நோயாளிகளைக் கலகத்துக்குத் தூண்டியதாக, விரிப்பையும் இணைத்துப் புகார் கொடுத்தார் என்றும், நன்றாகப் படித்த ஒருவர்தான் இதை எழுதியிருக்க முடியும் என்று அதில் சொன்னார் என்றும் அறிகிறேன். இன்று காலை ஜீப் வந்தபோது நான் கீழே துவைக்கும் பகுதியில் இருந்தேன். யார் இங்கே பிழையில்லாமல் எழுதக் கூடியவர் என்று கேட்டதற்கு மேற்பார்வையாளர் பிழையைக் கைகாட்டியிருக்கிறார். அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தைக் கறையம்மா கையில் கொடுத்து, பக்கம் நூற்று நாற்பத்திரண்டு என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறியிருக்கிறார். அவர் தன் மகளோடு தனியாக வாழ்கிறார். அவருக்கு இருப்பது இந்த வேலை ஒன்றுதான்.

பதினோரு மணிக்கு மேலே வந்து விஷயம் தெரிந்ததும் நான் கையைத் துடைத்துக்கொண்டு இங்கே நடந்து வந்தேன். பின்னால் திரும்பிப் பார்த்தபோது அறையிலிருந்த மற்ற ஒன்பது பேரும் வந்துகொண்டிருந்தார்கள். எழுதியது நான் என்று சொன்னதை உதவி ஆய்வாளர் முதலில் நம்பவில்லை. தோழியைக் காப்பாற்ற நான் பொய் சொல்வதாக நினைத்தார். பிறகு ஒரு தாளைக் கொடுத்து ஆறாவது சட்டத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். விரிப்பில் இருப்பதைப் போலவே தாளிலும் மகிழ்ச்சி என்பதற்கு 'மகிழ்சி' என்று எழுதியிருந்தேன். அப்படி எழுதுவது தவறு என்று எனக்கு அப்போதுதான் தெரியும். அன்றைக்கே அதைப் பார்த்துவிட்டுத் திருத்தாமல் விட்டதாக, அங்கே உட்கார வைத்திருந்த பிழை சொன்னார். உதவி ஆய்வாளர் விரிப்பையும் தாளையும் இரண்டு முறை பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனார். வெளியே அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

கறையம்மா தன் பெயரையும் எழுதிக்கொள்ள வேண்டும் என்றும், எல்லாச் சட்டத்தையும் தான் எதிர்த்ததைத் தனியாகக் குறிக்க வேண்டும் என்றும் கேட்டார். ஒன்றைத் தவிர என்று நான் திருத்தினேன். அவர் ஒப்புக்கொண்டார்.

பகல் 12.10 மணிக்கு நிர்வாக அதிகாரி நேரில் வந்தார். எலும்பு மருத்துவர் காலையில் வார்டைப் பார்த்துவிட்டு, கட்டில்கள் திரும்பியதால் சிகிச்சைக்குத் தடை ஏதும் இல்லை, இப்படியே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அதன் பிறகு என்னிடம், காக்க வைப்பது பற்றிய சட்டம் தன் அலுவலக வாசலில் இருக்கும் பெஞ்சைக் குறித்துத்தான் எழுதப்பட்டதா என்று கேட்டார். அப்படி ஒரு பெஞ்சு இருப்பதே எனக்குத் தெரியாது, அது இல்லாத ஊருக்குப் போட்ட சட்டம் என்றேன். அதற்கு அவர், "என்னையும் மேலிடத்துல அப்படித்தான்மா உக்கார வெக்கறாங்க" என்றார். புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். விரிப்பு தங்களுக்கு வேண்டும் என்று வார்டில் கேட்பதாகவும், அதை அனுப்பி வைக்க முடியுமா என்றும் உதவி ஆய்வாளரிடம் கேட்டார். நாங்கள் கழித்துவிட்ட விரிப்பு அது. எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

பிழையை வெளியே அனுப்பினார்கள். பெண்கள் அவரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அவர் அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மேற்பார்வையாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, ஈர விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன, யாரையும் வேலையிலிருந்து எடுக்கவில்லை, தயவுசெய்து எல்லோரும் வந்து சேருங்கள் என்று சொன்னார்.

இந்த வாசிப்பு இனியும் தொடருமா என்று உதவி ஆய்வாளர் கேட்டதற்கு, தொடரும் என்று சொல்கிறேன். இப்போது வாசிப்பது என்ன கதை என்று கேட்டதற்கு: மலைக்கு மேலே ஓர் ஊர், அங்கே எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது, ஆனால் ஒரு பெண் மூட்டை கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். எங்கே போகிறாள், போக விடுவார்களா என்று கேட்டதற்கு, நாங்கள் அந்த இடம் வரை இன்னும் வாசிக்கவில்லை. எனவே அதை இந்த வாக்குமூலத்தில் சேர்க்க என்னால் இயலவில்லை.

நான் சொன்னதை எழுத்தர் எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, நடந்தது இதுதான். எவரும் மிரட்டியோ சொல்லிக் கொடுத்தோ சொல்லவில்லை.

(கையொப்பம்)
மடிப்பக்கா

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது.
(கையொப்பம்)
உதவி ஆய்வாளர்