நான்கு மாதச் சிவப்பு

கெலுகோர் நிறுத்தத்தில் ஏறிய இரண்டு தொழிற்சாலைப் பெண்கள் பேருந்தில் என் முன்னிருக்கையில் உட்கார்ந்தார்கள். இளையவள்தான் ஆரம்பித்தாள்.

“நேத்து டார்கெட் சார்ட்டைச் சுவத்துலேர்ந்து பிச்சு எடுத்துட்டேன்க்கா.”

“ஐயோ! சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா?”

“ஃபேக்டரி சார்ட் இல்லக்கா, என் ரூம்ல நானே ஒட்டுனது. ஓவியராகணும்னு ஆசை இல்லியா, ஒரு நாளுக்கு ஒரு கட்டம் போட்டேன். படம் வரைஞ்சா பச்சை, வரையலன்னா சிவப்பு. நாலு மாசமா ஒரே சிவப்பு லா. வேலை முடிஞ்சு ரூமுக்குள்ள போகவே பயமா இருந்துச்சு.”

“அப்ப வரையிறதையே விட்டுட்டியா?”

“எங்க விட்டேன்! பிச்ச கையோட தரையில உட்கார்ந்து, எங்க பூனையை வரைஞ்சுட்டேன். எவ்வளவு நிம்மதி தெரியுமா?”

“எதுல வரைஞ்ச?”

“அந்த சார்ட்டுக்குப் பின்னாலதான். அந்தப் பக்கம் கட்டமே இல்லக்கா.”